நடுவர் நாற்காலியின் கடன்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்சு’ என்று பெயர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று லயக்காரர்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் நடுவே பல்லவியை எடுத்து, கணக்கில் ஓர் இழை பிசகாமல் கொண்டுபோய் நிறுத்துவார் பிள்ளை. அப்படிப்பட்டவர் நடுவராக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டுப் போட்டியில் அந்த ஊர்ச் சிறுமி ஒருத்தி தியாகராஜரின் ‘ரக்ஷ பெட்டரே’ கீர்த்தனையைப் பைரவியில் பாடி முதல் பரிசு வாங்கினாள். அவள்தான் பின்னாளில் டி. கே. பட்டம்மாள் என்று நாடறிந்த பாடகி.

பட்டம்மாளுக்கு முறையான குருகுலவாசம் கிடையாது. காஞ்சிக் கோயில்களில் நாயனாப் பிள்ளை பாடுவதைக் கேட்டுவிட்டு, மறப்பதற்குள் வீட்டுக்கு ஓடிவந்து ஸ்வரப்படுத்தி எழுதி வைத்துக்கொள்வாராம். பெண்கள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடுவது வழக்கத்தில் இல்லாத காலத்தில் துணிந்து பாடினார். ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் அப்படி வந்தது. 1970இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார்.

அந்தப் போட்டியில் நாயனாப் பிள்ளை எத்தனை மார்க் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. சிறுமி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. நடுவராக உட்காருவதற்கு முன்னும் பின்னும் அவர் அதே ஊரில் ஊரறியப் பாடிக்கொண்டிருந்தார். தன்னை எடைபோட்டவரின் பாட்டை அவள் போய்க் கேட்க முடிந்தது, எழுதிவைத்துக்கொள்ள முடிந்தது, பாடிப் பார்க்கவும் முடிந்தது. தீர்ப்புச் சொன்னவரின் சங்கீதமே அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியாக நின்றது. இன்றைக்கு நடுவர் நாற்காலியில் உட்காருகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒரு பிள்ளையின் பாட்டுக்கு விலை சொன்னவருக்கு அந்தப் பிள்ளையிடம் ஒரு கடன் விழுகிறது. அது மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டதோடு தீர்வதில்லை.

சென்னையில் சீசன் என்றால் ஊர் நினைப்பது டிசம்பர் மாதத்து மாலைக் கச்சேரிகளையும் கேன்டீன் வாசல் வரிசையையும். 1927 டிசம்பரில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்து நடத்திய சங்கீத மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. ஆனால் சீசனுக்கு இன்னொரு முகம் உண்டு. மாலைக் கூட்டத்தின் கண்ணில் அது படுவதில்லை. விழாவையொட்டிச் சபாக்கள் நடத்தும் போட்டிகளும், பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இளையவர்கள் பாடும் கச்சேரிகளும்தாம் அந்த முகம். பெரும்பாலான சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. அரங்கில் பத்து இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதி சொந்தக்காரர்கள். எங்கோ பின்வரிசையில் சிறந்த இளம் பாடகர் யார் என்று பரிசுக்குத் தேர்வு செய்ய வந்த வித்வான் ஒருவரும் மடியில் காகிதத்தோடு இருப்பார். மேடையில் இருக்கும் பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் பாடவேண்டும்.

போட்டி அறை இன்னும் நெருக்கமானது. மேடைகூட இருக்காது, ஒரு ஜமக்காளம்தான். எதிரே மேஜைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். பிள்ளை உள்ளே வந்து நமஸ்காரம் சொல்லி, தன் பாட்டுப் பட்டியலை நீட்டும். ‘எத்தனை கட்டை?’ என்று கேட்பார்கள். சுருதிப் பெட்டியின் இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டு வெகுநாளாகிறது. பட்டியலிலிருந்து நடுவர் ஒன்றைத் தேர்ந்து சொல்வார். பல்லவி முடிந்ததும், ‘நேரா சரணத்துக்குப் போ’. சரணம் பாதியில், ‘போதும்மா’. ஆறு மாதம் உழைத்துப் பாடம் பண்ணிய கீர்த்தனைக்கு நாலு நிமிஷம். வெளியே வராந்தாவில் அம்மா வெந்நீர் ஃபிளாஸ்கோடு நிற்பாள். ‘என்ன கேட்டா? சிரிச்சாளா?’ என்பதுதான் அவள் முதல் கேள்வி. நடுவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்பதைக் கொண்டுதான் அந்தக் குடும்பம் வீடு போய்ச்சேரும்வரை தன் பிள்ளையின் சங்கீதத்தை அளந்து கொண்டிருக்கும்.

மார்க் ஷீட்டில் சுருதி, தாளம், பாடாந்தரம், உச்சரிப்பு, பெரியவர்கள் பிரிவானால் மனோதர்மம் என்று கட்டங்கள். இவற்றைக் குறை சொல்ல முடியாது. சுருதி சேராத பாட்டைப் பாட்டு என்று யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆனால் கட்டம் போட்டு அளக்க முடிந்ததெல்லாம் பயிற்சியின் பகுதி மட்டுமே. ஒரு பிள்ளை எந்தக் குறையோடு இன்று இருக்கிறது, அந்தக் குறை நாளை என்னவாக மாறும் என்பதற்குக் கட்டம் கிடையாது.

எம். டி. ராமநாதனை நினைத்துப் பார்க்கிறேன். மந்திர ஸ்தாயியில் உருளும் கனத்த குரல், எல்லோரும் ஓடும்போது இவர் மட்டும் நடக்கிற காலப்பிரமாணம். கலாக்ஷேத்திரத்தில் அவரை ஆட்கொண்டவர் டைகர் வரதாச்சாரியார். டைகரின் குரலும் இனிமைக்குப் பேர்போனது அல்ல. ஞானத்தால் சபையை ஆண்டவர் அவர். மியூசிக் அகாடமி 1931இல் தொடங்கிய சங்கீத ஆசிரியர் கல்லூரியை முதலில் நடத்தியவர். குரலின் வழவழப்புக்கு மார்க் போடுகிற ஒரு நடுவரிடம் இளம் ராமநாதன் அகப்பட்டிருந்தால், ‘தம்பி, வேற ஏதாவது பார்’ என்ற பதில்தான் கிடைத்திருக்கும். டைகரோ சீடனைத் தன்னோடு வைத்துக்கொண்டு, அவனுடைய மெதுவை மாற்ற முயலாமல் வளரவிட்டார். ராமநாதன் 1984இல் காலமானார், சங்கீத கலாநிதிப் பட்டம் பெறாமலே. இன்று அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கும் ஒரு கூட்டம் இருக்கிறது; மேடையேறும் பாடகர்களும் அதில் உண்டு.

செம்மங்குடி சீனிவாச ஐயர் கதை எல்லோருக்கும் தெரிந்தது. இளம் வயதில் தொண்டை கரகரத்தது. பாட்டுக்கு இந்தக் குரல் ஆகாது, வாத்தியம் ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. அசுர சாதகம் செய்தார். 1947இல் சங்கீத கலாநிதி ஆனபோது அவருக்கு வயது 39. அந்தப் பெரியவர்கள் அறியாதவர்களும் அல்ல, பொறாமைக்காரர்களும் அல்ல. அன்று காதில் விழுந்ததை உள்ளபடி சொன்னார்கள். காது கேட்டது சரி. அதை வைத்துக்கொண்டு ஒரு பையனின் நாளையைச் சொன்னதுதான் எல்லை மீறிய காரியம். நடுவர் கேட்டது ஒரு காலைப்பொழுதின் பாட்டை. ‘இன்று இந்த இடத்தில் சுருதி கீழே இறங்கியது’ என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ‘உனக்குச் சங்கீதம் வராது’ என்று சொல்ல எந்தச் சபாவும் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு போட்டியைப் பார்வையாளனாக உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு வயது இருக்கும் பெண், பைரவி ராக அட தாள வர்ணத்தை எடுத்தாள். கண்ட ஜாதி அட தாளம் என்றால் ஒரு தட்டும் நாலு விரலும், மறுபடி ஒரு தட்டும் நாலு விரலும், பிறகு தட்டி வீசுவது இரண்டு முறை. ஆக 14 அட்சரம். பெரியவர்களையே தடுமாற வைக்கும் நீளம். சரணத்து ஸ்வரம் ஒன்றில் இரண்டாவது தடவை எண்ணும்போது ஒரு விரலை விட்டுவிட்டாள். பாட்டு ஓரிடத்திலும் கை ஓரிடத்திலுமாகப் பிரிந்தன. முகம் வெளுத்தது, ஆனால் நிறுத்தவில்லை. மூன்று நடுவர்களில் ஒருவர் வயதான மிருதங்க வித்வான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவள் கண்ணில் படும்படி தன் தொடையில் தாளத்தைப் போட ஆரம்பித்தார். அடுத்த ஆவர்த்தனத்தில் அவள் பிடித்துக்கொண்டாள்.

அவள் வெளியே போனதும் பக்கத்தில் இருந்த வயலின் வித்வாம்சினி தணிந்த குரலில், “அண்ணா, இது போட்டி. முன்னாலே பாடின குழந்தைகளுக்கு நாம தாளம் போடலியே” என்றார். கேள்வி நியாயமானது. கிழவர் கோபிக்கவில்லை. “நீ சொல்றது சரிம்மா. இனிமே எல்லாருக்கும் போடறேன். முன்னாலே வந்த ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லு” என்றார். அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டினார். சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. இருவரும் மறுபடி வந்து பாடினார்கள். விரலை விட்ட பெண்ணுக்குப் பரிசு கிடைக்கவில்லை. தாளக் கட்டத்தில் கிழவரே மார்க்கைக் குறைத்திருப்பார் என்று நினைக்கிறேன். குறைத்தது தர்மம். பாதி ஆற்றில் பிள்ளையை விட்டுவிடாததும் தர்மம். ஒன்றுக்காக இன்னொன்றை விடவேண்டியதில்லை என்று அன்று அந்த அறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். கேள்வி கேட்ட அம்மையாரையும் நான் மதிக்கிறேன். மூத்தவர் என்பதற்காக அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கிழவரின் இரக்கம் ஒரு பிள்ளைக்குச் சலுகையாகவும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கு அநியாயமாகவும் முடிந்திருக்கும்.

திருக்குறளில் நடுவு நிலைமை 12ஆம் அதிகாரம். அதற்கு முந்தியது செய்ந்நன்றி அறிதல், பிந்தியது அடக்கமுடைமை. இந்த வரிசையைச் சங்கீத நடுவர்களுக்காகவே அமைத்ததுபோல எனக்குத் தோன்றுவதுண்டு. நம் வித்வான்களின் நன்றியுணர்ச்சி பெரிது. குருவைச் சொல்லும்போது காதைத் தொடுவார்கள். குருவின் பேரன் போட்டிக்கு வந்து உட்காரும்போது அந்த நன்றியே காதை அடைத்துவிடக்கூடும். தன் பாணியில் பாடும் பிள்ளையைக் கண்டால் மனம் நெகிழ்கிறது. வேறு பாடாந்தரத்தில் ஒரு சங்கதி வந்தால் ‘தப்பு’ என்று பேனா தானாக நகர்கிறது. இது லஞ்சம் வாங்குவதைப் போன்ற பாவம் அல்ல. நல்ல குணத்தின் வழியாகவே உள்ளே வருவதால், கண்டுபிடிக்க அதைவிடக் கடினமானது.

இதைப் போலந்து நாட்டுக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று சொல்லவேண்டும். வார்சாவில் 1927இல் தொடங்கிய சோபின் பியானோப் போட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது. அங்கும் நடுவர்கள் எல்லோரும் பெரிய கலைஞர்கள், ஆசிரியர்கள். அவர்களுடைய சீடர்களே போட்டியாளர்களாகவும் வருகிறார்கள். உலகம் அவ்வளவு சிறியது. ஆகவே தன் சீடருக்கு நடுவர் மார்க் போடக்கூடாது, அவர் பெயருக்கு நேரே ‘என் மாணவர்’ என்று குறிமட்டும் போடவேண்டும் என்று விதி வைத்தார்கள். 2021இல் முதல் பரிசு பெற்ற புரூஸ் லியூவின் குரு டாங் தாய் சோன் நடுவர் குழுவிலேயே இருந்தார். சீடரின் வெற்றியில் குருவின் மார்க் இல்லை என்று எவரும் காகிதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது. போட்டி முடிந்ததும் ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொருவருக்கும் போட்ட மார்க்கை வெளியிட்டுவிடுகிறார்கள். 2015இல் முதல் பரிசு பெற்ற கொரியாவின் சோங்ஜின் சோவுக்கு, மற்ற நடுவர்கள் பலர் ஒன்பதும் பத்துமாகப் போட்டிருக்க, இறுதிச் சுற்றில் பிரெஞ்சுக் கலைஞர் பிலிப் ஆந்த்ரமான் பத்துக்கு ஒன்று போட்டிருந்ததும் அப்படித்தான் வெளியே வந்தது. அவர் ரசனை அவருடையது. ஆனால் அதை ஊரறியத் தன் பெயரில் சுமக்க வேண்டியிருந்தது.

அதே மேடையில் 1980இல் நடந்தது இன்னும் பேசப்படுகிறது. யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த இவோ போகோரெலிச் என்ற இளைஞர் இறுதிச் சுற்றுக்குப் போகாமல் நிறுத்தப்பட்டார். அவர் வாசிப்பு விதிக்கு அடங்காதது என்று பலர் நினைத்தார்கள். நடுவர்களில் ஒருவரான மார்த்தா ஆர்கெரிச், 1965இல் அதே போட்டியில் வென்றவர், அந்த இளைஞர் ஒரு மேதை என்று சொல்லிக் குழுவை விட்டே வெளியேறினார். அந்த ஆண்டு முதல் பரிசு வாங்கியவர் போர்க்கால வியட்நாமில் வளர்ந்த டாங் தாய் சோன். அவரும் சாமானியர் அல்ல என்பதைப் பிந்தைய நாற்பது ஆண்டுகள் காட்டிவிட்டன. யார் பக்கம் சரி என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பெரும்பான்மையோடு ஒத்துப்போய்விட்டு, பிறகு காபி குடிக்கும்போது ‘நான் அந்தப் பையனுக்குத்தான் போட்டேன்’ என்று முணுமுணுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டே, அதை ஆர்கெரிச் செய்யவில்லை. மாறுபட்டதை எழுந்து நின்று சொன்னார், அதற்குரிய இழப்பையும் ஏற்றார்.

நம் சபாக்களில் மார்க் ஷீட் அன்று மாலையே மறைந்துவிடுகிறது. யார் யாருக்கு என்ன போட்டார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதப்படுகிறது. பிள்ளையின் பெயரோடு குருவின் பெயரையும் சேர்த்தே விண்ணப்பத்தில் கேட்கிறோம். நடுவர் கையில் அது போய்ச் சேருவதும் உண்டு. குருவின் பெயரை அந்தக் காகிதத்திலிருந்து எடுத்துவிட என்ன செலவு ஆகும்?

கச்சேரி மேடையிலும் நடுவர்கள் இருக்கிறார்கள். பக்கவாத்தியக்காரர்களைச் சொல்கிறேன். இளம் பாடகருக்கு வாசிக்க ஒப்புக்கொண்ட மூத்த மிருதங்கக்காரர் ஒவ்வொரு நொடியும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், முகத்தாலும் விரலாலும். பாடகர் எடுப்பை விட்டுவிட்டால் அதை எல்லோருக்கும் தெரியப்படுத்துவதும் அவர் கையில். ஒரு சின்ன மோராவால் மூடி மறைத்து அடுத்த அடியைக் காட்டிக்கொடுப்பதும் அவர் கையில். மறுபுறம், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் மேடையில் சின்னப் பையன்களைப் பக்கவாத்தியத்துக்குத் துணிந்து உட்கார்த்தி வைத்து, நன்றாக வாசித்தால் பாட்டை நிறுத்திக்கூட ‘பேஷ்’ என்பார். அப்படி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சென்னைக்கு அறிமுகமான சிறுவர்களில் ஒருவர் பாலக்காடு மணி ஐயர். லய உலகின் சக்கரவர்த்தியாக இருந்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, வயதில் பேரப்பிள்ளையைப்போன்ற அந்தச் சிறுவன் மிருதங்கம் வாசிக்க, தாம் கஞ்சிராவோடு அதே மேடையில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்ததே பெரிய சர்டிபிகேட்.

அந்த மணி ஐயர் பெண் பாடகர்களுக்கு வாசிப்பதில்லை என்று வெகுகாலம் இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு பட்டம்மாளுக்கு வாசித்தார். கேட்டவர்கள் அதை இன்றும் சொல்கிறார்கள். எவ்வளவு பெரிய காதுக்கும் சுற்றிலும் ஒரு சுவர் இருக்கிறது. அது தானே கட்டியதாக இருக்கலாம், காலம் கட்டியதாக இருக்கலாம். நடுவராக உட்காருகிறவர் தன் சுவர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறையாவது தடவிப் பார்க்கவேண்டும்.

கடுமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் பேசியதாகும். பொய்ப் பாராட்டு இன்னொரு பாதி. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் வந்தபின் நடுவரின் கண்ணீரும் நிகழ்ச்சியின் பகுதியாகிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை பாடி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டி, ‘இனி உன்னை யாரும் அசைக்க முடியாது’ என்று சொல்கிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயதில் குரல் உடையும்போது, கேமராவும் இல்லாமல் கைதட்டலும் இல்லாமல் காலை நாலரை மணிக்கு அகார சாதகம் பண்ணவேண்டிய நாட்கள் வரும். அப்போது இந்தப் பாராட்டில் எது கைகொடுக்கும்? கண்டிப்பானவரால் ஒரு பிள்ளை ஒருநாள் அழும். புகழ்ந்தே பழகியவரிடம் அகப்பட்ட பிள்ளைக்குத் தன் குறை என்ன என்றே தெரியாமல் போய்விடும், தெரிய வரும்போது வயது கடந்திருக்கும்.

அதிகாரம் இருக்கும் இடத்தில் அதன் இருட்டும் இருக்கும். 2018இல் கர்நாடக சங்கீத உலகில் மூத்த கலைஞர்கள் சிலர்மீது இளம்பெண்கள் பாலியல் அத்துமீறல் புகார்களை வெளியே சொன்னார்கள். அந்த டிசம்பர் சீசனுக்கு முன்பாக மியூசிக் அகாடமி புகாருக்கு ஆளான சிலரைத் தன் நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து நீக்கியது. குரு என்ற சொல்லுக்கு முன்னால் பெற்றோர் கைகட்டி நிற்கும் ஊரில், ‘வாய்ப்பு வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது எதிரே நிற்கும் பிள்ளைக்கு மறுக்கும் வழியே தெரிவதில்லை. மேடையும் மார்க்கும் கற்பித்தலும் ஒரே கையில் சேர்ந்தால் அந்தக் கையைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும். வகுப்பறைக் கதவு திறந்திருக்க வேண்டும். பெரியவர் மனம் புண்படுமே என்று இதைச் சொல்லத் தயங்கினால், புண்படப்போவது வேறு யாரோ.

அதற்காக நடுவரும் ஆசானும் ஒருவரையொருவர் அண்டாமல் இருக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. 1978இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கிய தியாகராஜ ஆராதனை விழாவில், சென்னையிலிருந்து போகும் வித்வான்கள் அங்குள்ள நம் பிள்ளைகளின் போட்டிக்கு நடுவர்களாக இருக்கிறார்கள். அதே விழாவில் பிள்ளைகள் கூட்டாக மேடையேறுவதற்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் சென்னை வித்வான்களே. மாதக்கணக்கில் இணையவழி வகுப்பு, பிறகு நேரில் ஒத்திகை என்று அது நடக்கிறது. விழாவுக்கு வந்த பிள்ளை ஒரு மார்க்கோடு மட்டும் ஊர் திரும்பவேண்டியதில்லை. பெரிய பாடகர் ஒருவர் தாளம் தட்டிக்கொண்டே ‘இன்னொரு தரம்’ என்று சொல்லக் கேட்ட அனுபவமும் கூடப் போகிறது. அப்படிப் படித்தவர்களில் சிலர் இன்று சென்னை மேடைகளில் பாடுகிறார்கள். 1985இல் சென்னை இளைஞர்கள் சிலர் தாங்களே கூடி இளைஞர் கர்நாடக இசைச் சங்கம் ஒன்றை ஆரம்பித்து, ஒருவர் கச்சேரியை ஒருவர் உட்கார்ந்து கேட்டதும் இங்கே நினைவுக்கு வருகிறது. சஞ்சய் சுப்ரமண்யன், விஜய் சிவா, உன்னிகிருஷ்ணன், டி. எம். கிருஷ்ணா என்று அங்கிருந்து வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால், மூத்தவர் மடியில் காகிதத்தோடு வந்தால்தான் பிள்ளை வளரும் என்பதும் கட்டாயமில்லை என்று தெரிகிறது. கேட்கிற காது சம வயதுக்காரனிடமும் இருக்கலாம்.

சங்கீதம் தெரியாதவர்களும் இதில் தப்ப முடியாது. விடைத்தாள் திருத்துகிறோம், வேலைக்கு ஆள் எடுக்க நேர்காணல் செய்கிறோம், பெண் பார்க்கப் போய் வந்து ‘போன் பண்ணிச் சொல்றோம்’ என்கிறோம். சொல்லாமலே விட்டுவிடுகிறோம். இல்லை என்பதைச் சொல்லக்கூட மனமில்லாத இந்த வழக்கத்தை நாம் நாகரிகம் என்று பெயர் வைத்து வளர்த்திருக்கிறோம். எதிர்ப்பக்கம் இருப்பவர் தனக்கு என்ன குறை என்று இரவெல்லாம் தானே தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே வரும் சீசனில் நடுவராக உட்காரப் போகும் வித்வான்களிடமும் விதுஷிகளிடமும், அவர்களை அழைக்கும் சபாச் செயலாளர்களிடமும் ஒரு விண்ணப்பம். போட்டி முடிந்து முடிவு அறிவித்தபின் அரைமணி நேரம் அதே அறையில் இருங்கள். பரிசு கிடைக்காத பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள், பெற்றோரையும் கூட வைத்துக்கொண்டு. ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு வாக்கியம் போதும். இன்று எது நன்றாக இருந்தது என்று ஒன்று; அடுத்த ஆறு மாதத்தில் எதைச் சரிசெய்யலாம், எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒன்று. முடிந்தால் அந்த இடத்தை ஒருமுறை பாடிக் காட்டுங்கள். உங்கள் சீடரோ உறவோ போட்டியில் இருந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு, ஏன் மூடினீர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். செயலாளர்கள் அந்த அரைமணி நேரத்தையும் நிகழ்ச்சி நிரலில் அச்சிடட்டும், அதற்கும் சேர்த்துச் சன்மானம் கொடுக்கட்டும். அதற்கு நேரமில்லை என்றால், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், அந்த நாற்காலியை நேரமுள்ள ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதே முறை.